குழாய் காட்டிய வழி: ஒரு சைக்கிள் ஆலை நாற்காலிக்கு வந்து சேர்ந்த வரலாறு

அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் வெஸ்ட்ஃபீல்ட் என்றொரு சிறிய நகரம் இருக்கிறது. அங்கே ‘சைக்கிள் தெரு’ என்ற பெயர்கொண்ட தெருவில் இருந்த ஆலையிலிருந்து பல பத்தாண்டுகளாகப் பள்ளிக்கூட நாற்காலிகளும் மேசைகளும் லாரி லாரியாக வெளியே போயின. ஆலையின் பெயர் கொலம்பியா. அமெரிக்காவில் சைக்கிளைப் பெருந்தொழிலாக நடத்திய முதல் நிறுவனத்தின் நேர் வாரிசு அது. 1878இல் தொடங்கிய அந்தச் சைக்கிள் மரபு 1950களில் வகுப்பறைத் தளவாடங்களிலும் கைவைத்தது. பிற்பாடு அவையே அதன் முதன்மைத் தொழிலாயின. இத்தகைய மாற்றங்களைத் தொழில் வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் ஒரே அச்சில் வார்த்துவிடுகிறார்கள்: ஒரு பொருள் எழுந்தது, ஓங்கியது, சரிந்தது, நிறுவனம் பிழைப்புக்காகத் தனக்குச் சம்பந்தமில்லாத இன்னொன்றைப் பற்றிக்கொண்டது. அந்த ‘சம்பந்தமில்லாத’ என்ற இடத்தில்தான் எனக்கு ஐயம். சைக்கிளுக்கும் நாற்காலிக்கும் நடுவிலுள்ள தொலைவு கடைத்தெருவில் பெரியது, பட்டறைக்குள் மிகச் சிறியது. ஓர் ஆலையின் வம்சாவளியை அது விற்கும் பொருளைக் கொண்டு கணிப்பதைவிட, அது கையாளும் மூலப்பொருளையும் அங்கே நடக்கும் வேலைகளையும் கொண்டு கணித்தால்தான் அது ஏன் இன்ன திசையில் திரும்பியது என்பது விளங்கும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கதையைத் தொடக்கத்திலிருந்து பார்த்தால் இந்த வாதத்துக்கான முதல் சான்று கிடைக்கிறது. உள்நாட்டுப் போரில் பணியாற்றிய ஆல்பர்ட் போப், பாஸ்டன் நகரில் காலணித் தொழிலுக்கு வேண்டிய சரக்குகளை விற்றுவந்த வணிகர். 1876இல் ஃபிலடெல்ஃபியாவில் நடந்த நூற்றாண்டுக் கண்காட்சியில் இங்கிலாந்திலிருந்து வந்திருந்த உயரச் சக்கரச் சைக்கிள்களைப் பார்த்தார். முதலில் இறக்குமதி செய்து விற்றவர், 1878இல் அதே மாதிரியில் 50 சைக்கிள் செய்துதரச் சொல்லிக் கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபர்ட் நகரிலிருந்த வீட் தையல் எந்திரக் கம்பெனியிடம் கொடுத்தார். போப்பிடம் அப்போது சொந்த ஆலை கிடையாது. வீட் கம்பெனி இயங்கிய கட்டடமோ முன்பு ஷார்ப்ஸ் துப்பாக்கி ஆலையாக இருந்தது. ஆக, அமெரிக்காவின் முதல் சைக்கிள் தொழில், துப்பாக்கிக்காகக் கட்டிய கட்டடத்தில், தையல் எந்திரம் செய்து பழகியவர்களின் கையில் பிறந்திருக்கிறது. இது தற்செயல் இல்லை. சூடாக்கிய உலோகத்தை அச்சில் அடித்து உருவாக்குதல், துல்லியமாகக் கடைந்தெடுத்தல், ஒன்றுக்குப் பதில் இன்னொன்று பொருந்தும்படி உதிரிபாகம் செய்தல் ஆகிய வேலைகள் மூன்று தொழில்களுக்கும் பொது. பொருளாதார வரலாற்றாளர் நாதன் ரோசன்பெர்க் 1963இல் வெளியிட்ட ஆய்வில் இதைத் தொழில்நுட்பக் குவிவு என்று விளக்கினார். வாங்குபவரின் பார்வையில் ஒட்டுறவே இல்லாத பொருள்கள், எந்திரக் கூடத்தில் ஒரே சில வேலைகளில் வந்து குவிகின்றன. ஒரு தொழிலுக்காகக் கண்டுபிடித்த தீர்வு அடுத்த தொழிலுக்கு மூலதனமாகிறது என்பது அவர் கண்ட உண்மை.

போப்பின் நிறுவனம் 1890இல் வீட் கம்பெனியையே வாங்கிக்கொண்டது. அதற்குள் சைக்கிளின் உருவமும் மாறியிருந்தது. ஒத்த அளவிலான இரு சக்கரங்களும் சாய்சதுரச் சட்டகமும் கொண்ட இன்றைய சைக்கிளின் முன்னோடி பரவியது. அதோடு தொழிலின் மையப் பொருளும் மாறியது என்பதைக் கவனிக்க வேண்டும். உயரச் சக்கர வண்டியின் உயிர் அதன் சக்கரத்தில் இருந்தது. புதிய வண்டியின் உயிர் குழாயில். மெல்லிய சுவரும் மிகுந்த வலிமையும் கொண்ட எஃகுக் குழாய் கிடைக்காவிட்டால் அந்தச் சட்டகம் கனத்துப்போகும் அல்லது வளைந்துபோகும். இணைப்புத் தடம் இல்லாத எஃகுக் குழாய் செய்யும் முறையை ஜெர்மனியின் மன்னெஸ்மான் சகோதரர்கள் 1880களின் நடுவில் உருவாக்கியிருந்தனர். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் வட்டாரமும் குழாய்த் தொழிலில் முன்னால் நின்றது. இறக்குமதியை நம்பியிருக்க விரும்பாத போப், ஹார்ட்ஃபர்டில் தமக்கெனக் குழாய் ஆலை ஒன்றை நிறுவினார். உலோகத்தைச் சோதித்துப் பார்க்கும் கூடம் அமைத்தார். நிக்கல் கலந்த எஃகில் குழாய் இழுத்துப் பார்த்தார். தொழில்நுட்ப வரலாற்றாளர் டேவிட் ஹவுன்ஷெல் 1984இல் எழுதிய நூலில், போப்பின் முறையையும் தகட்டை அச்சில் அழுத்தி உதிரிபாகம் செய்த சிகாகோவின் வெஸ்டர்ன் வீல் ஒர்க்ஸ் முறையையும் அருகருகே வைத்துக் காட்டுகிறார். இருவகை அறிவும் பின்னாளில் சைக்கிளைத் தாண்டி வெகுதூரம் போயின. துப்பாக்கியும் தையல் எந்திரமும் தந்த கடைசல் அறிவோடு சைக்கிள் தொழில் தன் பங்காகச் சேர்த்தது, மெல்லிய குழாயை வெட்டி, வளைத்து, பற்றவைத்து, முலாம் பூசும் அறிவு.

அடுத்து வந்தது சரிவு. 1890களின் சைக்கிள் மோகம் வந்த வேகத்திலேயே வடிந்தது. அமெரிக்கத் தொழிற்கணக்கெடுப்பின்படி 1899இல் ஏறத்தாழ 11.8 லட்சம் சைக்கிள்கள் உற்பத்தியாயின. 1904இல் அது சுமார் 2.5 லட்சமாகச் சுருங்கியது. விலைப் போட்டியைத் தடுக்க 1899இல் நாற்பதுக்கும் மேற்பட்ட ஆலைகளைச் சேர்த்து ‘அமெரிக்கன் பைசிக்கிள் கம்பெனி’ என்ற பெருங்கூட்டு உருவானது. மூன்றே ஆண்டுகளில் கடன் மூழ்கடித்தது. இடிபாட்டை 1903இல் மீண்டும் கையில் எடுத்த போப், எதிர்காலம் மோட்டார் வண்டியில்தான் என்று நம்பினார். போப்-ஹார்ட்ஃபர்ட், போப்-டொலிடோ, போப்-ட்ரிப்யூன், போப்-வேவர்லி என்று விதவிதமான கார்களை வெவ்வேறு ஊர்களில் செய்தார். 1907இல் நிறுவனம் நீதிமன்றப் பொறுப்பாளர் கைக்குப் போனது. 1909இல் போப் இறந்தார். அடுத்த சில ஆண்டுகளில் காரும் நின்றது. எஞ்சியது வெஸ்ட்ஃபீல்டில் இருந்த சைக்கிள் ஆலை. கூட்டு நிறுவனக் காலத்தில் கைக்கு வந்திருந்த அந்த ஆலையில் சைக்கிள் உற்பத்தி முழுவதும் குவிக்கப்பட்டது; 1916இல் அது ‘வெஸ்ட்ஃபீல்ட் மேனுஃபாக்சரிங் கம்பெனி’ என்ற பெயரில் தனி நிறுவனமாயிற்று. 1933இல் அதை டாரிங்டன் கம்பெனி வாங்கியது. தையல் எந்திர ஊசி செய்யத் தொடங்கி, சைக்கிள் ஆரக்கம்பி, பெடல் என்று விரிந்த நிறுவனம் டாரிங்டன். ரோசன்பெர்க் சொன்ன குவிவு இங்கே உடைமை உறவிலும் வெளிப்படுகிறது: தையல் எந்திரக் கூடத்தில் பிறந்த சைக்கிளை அரை நூற்றாண்டு கழித்து வாங்கியவர்களும் தையல் ஊசிக்காரர்கள்தாம்.

இந்த இடத்தில் பட்டறைக்குள் நுழைந்து வேலைகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பது பயன்தரும். சைக்கிள் சட்டகம் செய்ய வேண்டுமானால் குழாயை அளந்து வெட்ட வேண்டும். முனையை இணையும் குழாயின் வளைவுக்கேற்பக் குடைய வேண்டும். ஜிக் எனும் பிடிப்புச் சட்டத்தில் பூட்டிக் கோணம் பிசகாமல் பற்றவைக்க வேண்டும். பிசிறு தேய்த்து, அமிலத் தொட்டியில் கழுவி, எனாமல் பூசி, அடுப்பில் சுட வேண்டும். ஹேண்டில்பாருக்கு மேலும் இரண்டு வேலை: சுவர் நசுங்காமல் குழாயை வளைப்பது, நிக்கலோ குரோமியமோ முலாம் பூசுவது. இரும்புக்கால் நாற்காலி ஒன்றின் வேலைப் பட்டியலும் ஏறத்தாழ இதுவே. வெட்டு, வளை, பற்றவை, கழுவு, பூசு. எந்திரங்களின் பெயர்ப் பட்டியலை மட்டும் கொடுத்து எந்த ஆலைக்கு உரியது என்று கேட்டால் சொல்வது கடினம். வேறுபாடுகளும் உண்டு. சட்டகத்தில் பெரும்பாலான குழாய்கள் நேரானவை, நாற்காலியில் பெரும்பாலானவை வளைந்தவை. சைக்கிளுக்கு எடை முக்கியம், வகுப்பறை நாற்காலிக்கு விலையும் தாங்குதிறனும் முக்கியம். ஆகவே தகட்டைச் சுருட்டி வெல்டிங் செய்த மலிவான குழாயே அதற்குப் போதும். சைக்கிளுக்கு பேரிங், சங்கிலி, பிரேக் வேண்டும். நாற்காலிக்கு அவை எதுவும் வேண்டாம். இவற்றைக் கூட்டிப் பார்த்தால் ஒன்று தெளிவாகிறது. சைக்கிள் செய்யத் தெரிந்த ஆலைக்கு நாற்காலி, தான் ஏற்கெனவே செய்துவரும் வேலைகளில் ஒரு பகுதி மட்டுமே. புதிதாகச் சேர்க்க வேண்டியவை உட்காரும் பலகையும் எழுதும் பலகையும்தான். அவற்றை வெளியிலிருந்து வாங்கிப் பொருத்திக்கொள்ள முடியும்.

இந்த உறவை ஐரோப்பா எதிர்த்திசையிலிருந்து கண்டுபிடித்தது. அங்கே சைக்கிள்காரர்கள் நாற்காலிக்கு வருவதற்கு முன்பே நாற்காலிக்காரர்கள் சைக்கிளிடம் போனார்கள். ஜெர்மனியின் பௌஹவுஸ் வடிவமைப்புப் பள்ளியில் தச்சுப் பட்டறையை நடத்திய மார்செல் பிராயர், 1925 வாக்கில் தாம் ஓட்டிய ஆட்லர் சைக்கிளின் வளைந்த ஹேண்டில்பாரைப் பார்த்தே எஃகுக் குழாயில் நாற்காலி செய்யும் எண்ணம் பிறந்ததாகக் கூறியிருக்கிறார். பின்னாளில் ‘வசிலி’ என்று புகழ்பெற்ற நாற்காலி அதன் விளைவு. டச்சுக் கட்டடக் கலைஞர் மார்ட் ஸ்டாம் பின்கால் இல்லாத குழாய் நாற்காலியை 1927இல் ஷ்டுட்கார்ட் வீட்டுவசதிக் கண்காட்சியில் வைத்தார். கலை வரலாறு இவற்றை நவீன வடிவமைப்பின் திருப்புமுனையாகக் கொண்டாடுகிறது, அது சரியே. ஆனால் வடிவமைப்பாளரின் மேதைமை செயல்பட்டது, தொழில் ஏற்கெனவே தீர்த்துவைத்திருந்த ஒரு சிக்கலின்மேல்தான். பிரிட்டனில் இன்னும் தெளிவான சான்று இருக்கிறது. அங்கே சைக்கிள் குழாயிலிருந்து தொடங்கி வளர்ந்த குழாய் நிறுவனங்கள் 1919இல் ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் என்ற குழுமமாயின. அதன் உறுப்பான ஓல்ட்பரியின் அக்கிள்ஸ் அண்ட் போலக் நிறுவனத்தை ஒட்டி 1930களின் தொடக்கத்தில் பெல் என்ற தளவாட நிறுவனம் எழுந்தது. பிபிசியின் லண்டன் ஒலிபரப்பு மாளிகை முதல் ஊர்ப் பொது மண்டபங்கள் வரை அதன் குழாய் நாற்காலிகள் போய்ச் சேர்ந்தன. மூன்று நாடுகளில், வெவ்வேறு பின்னணி கொண்டவர்கள், ஒரே பாதையை வெவ்வேறு முனையிலிருந்து நடந்து கண்டிருக்கிறார்கள் என்றால் அந்தப் பாதை நிலத்திலேயே இருந்தது என்றுதான் கொள்ள வேண்டும்.

அப்படியானால் வெஸ்ட்ஃபீல்ட் ஆலை ஏன் 1950கள்வரை காத்திருந்தது? இங்கேதான் சந்தைக்குரிய பங்கைக் கொடுக்க வேண்டும். இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் அமெரிக்காவில் பிறப்பு விகிதம் திடீரென உயர்ந்தது. 1946 முதல் 1964 வரை ஏறத்தாழ 7.6 கோடிக் குழந்தைகள் பிறந்தன. அவர்கள் ஐந்து, ஆறு வயதை எட்டத் தொடங்கிய 1950களில் நாடெங்கும் பள்ளிக்கூடங்கள் முளைத்தன. ஒவ்வொரு வகுப்பறைக்கும் முப்பது நாற்காலி தேவைப்பட்டது. அதே காலத்தில் சைக்கிள் தொழிலுக்கு இன்னொரு பக்கத்திலிருந்து நெருக்கடி வந்தது. மூன்று கியர் கொண்ட இலகுவான ஆங்கிலேய சைக்கிள்கள் பெருமளவில் இறங்கின. 1950களின் நடுவில் இறக்குமதி ஆண்டுக்குப் பத்து லட்சத்தைத் தொட்டது. 1955இல் குடியரசுத் தலைவர் ஐசனோவர் சைக்கிள் மீதான சுங்க வரியை உயர்த்த வேண்டியதாயிற்று. பருவக் கணக்கும் ஒத்துழைத்தது. அமெரிக்காவில் சைக்கிள் விற்பனை வசந்தத்திலும் கிறிஸ்துமஸை ஒட்டியும் சூடுபிடிக்கும். பள்ளித் தளவாடமோ கோடை விடுமுறைக்குள் போய்ச் சேர வேண்டும். ஒன்று ஓய்ந்திருக்கும் மாதங்களில் மற்றொன்று முலாம் தொட்டியையும் வளைப்பு எந்திரத்தையும் வேலையில் வைத்திருக்கும். அத்துடன், நாற்காலி இடத்தை அடைக்கும் சரக்கு. எடைக்கும் விலைக்கும் பொருந்தாத கப்பல் செலவு அந்நாளில் அதற்கு வரியைவிட நல்ல வேலியாக இருந்தது.

இவ்வளவு சொன்ன பிறகு ஒருவர் நியாயமாகவே மறுக்கலாம்: எல்லாவற்றையும் சந்தையே விளக்கிவிடுகிறதே, பட்டறைத் திறனுக்கு இதில் என்ன வேலை? குழந்தைகள் பெருகினார்கள், நாற்காலி தேவைப்பட்டது, செய்தார்கள், அவ்வளவுதானே? இந்த மறுப்பை ஒப்பிட்டுத்தான் சோதிக்க முடியும். பெருகிய குழந்தைகளுக்குப் பால்மாவும் பாடநூலும் காலணியும்கூடத் தேவைப்பட்டன. வெஸ்ட்ஃபீல்ட் அவற்றின் பக்கம் போகவில்லை. மற்ற அமெரிக்கச் சைக்கிள் நிறுவனங்கள் போன வழிகளையும் வரிசையாக வைத்துப் பாருங்கள். ஒகையோவின் ஹஃபி, புல்வெட்டிகளும் கூடைப்பந்து வளையம் தாங்கும் சட்டங்களும் செய்தது. டென்னசியின் மரே, புல்வெட்டிக்குப் போனது. இலினாயின் ரோட்மாஸ்டர், உடற்பயிற்சிக் கருவிகளுக்குப் போனது. சைக்கிளையே உயிராகக் கொண்ட ஷ்வின்கூடக் கிளை விரித்தபோது ஓரிடத்தில் நின்று மிதிக்கும் பயிற்சி வண்டியைத்தான் செய்தது. 1967இல் கொலம்பியாவை வாங்கிய எம்டிடி நிறுவனம் புல்வெட்டிக்குப் பேர்போனது. இவை அனைத்தும் வளைத்த குழாயும் அழுத்திய தகடும் கொண்ட பொருள்கள். சந்தை இவர்கள் முன் நூறு கதவுகளைத் திறந்திருந்தது. இவர்கள் நுழைந்தவை எல்லாம் குழாய் போகக்கூடிய கதவுகள். எப்போது திரும்புவது என்பதைச் சந்தை முடிவு செய்தது. எங்கே திரும்பலாம் என்ற எல்லையைப் பட்டறை வகுத்தது.

இரண்டாவது மறுப்பு இதற்கு நேர் எதிரானது: பட்டறைத் திறன் அவ்வளவு வலிமையானதானால் எல்லாச் சைக்கிள் ஆலைகளும் தளவாடத்துக்கல்லவா வந்திருக்க வேண்டும்? இதற்கு விடை சொல்லச் சென்னையின் அம்பத்தூர் உதவுகிறது. பிரிட்டனில் நாற்காலி நிறுவனத்தை வளர்த்த அதே ட்யூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ், முருகப்பா குழுமத்தோடு சேர்ந்து 1949இல் டிஐ சைக்கிள்ஸ் நிறுவனத்தைத் தொடங்கியது. ஹெர்குலிஸ், பிஎஸ்ஏ, ஃபிலிப்ஸ் என்று தமிழகத் தெருக்களில் ஓடிய பெயர்கள் அங்கிருந்து வந்தவை. 1955இல் ஆவடியில் ட்யூப் ப்ராடக்ட்ஸ் ஆஃப் இந்தியா எழுந்தது. அதே குழாய், அதே தாய் நிறுவனம், அதே வேலைகள். ஆனால் அம்பத்தூர் பெரிய அளவில் திரும்பியது சங்கிலி, துல்லியக் குழாய், கார்களுக்கான உலோக உறுப்புகள் ஆகியவற்றின் பக்கம். காரணம் எளிது. சென்னையைச் சுற்றி வளர்ந்தது மோட்டார் தொழில்; குழாய்க்குப் பக்கத்திலேயே அதிக விலை கொடுக்கும் வாடிக்கையாளர் காத்திருந்தார். வெஸ்ட்ஃபீல்டுக்கு அப்படி ஒருவர் அருகில் இல்லை. பள்ளி வாரியங்கள் இருந்தன. ஆகவே பட்டறைத் திறன் ஒரே ஓர் ஊரைத்தான் காட்டும் என்று நான் வாதிடவில்லை. அது சில கிளைப் பாதைகளைத் திறந்துவைக்கிறது. அவற்றுள் எதில் நடப்பது என்பதை அண்டை அயல் தீர்மானிக்கிறது. அம்பத்தூர் இந்த வாதத்தை உடைப்பதற்குப் பதிலாக அதன் எல்லையைத் துல்லியமாக்குகிறது.

மூன்றாவது மறுப்பு மதிப்பீடு சார்ந்தது. அதனாலேயே அதிகம் கேட்கக்கூடியது. பேஜோ, ஓப்பல், ரோவர் போன்றவை சைக்கிளிலிருந்து காருக்கு ஏறின, அது வளர்ச்சி. சைக்கிளிலிருந்து நாற்காலிக்கு வருவது இறக்கம்தானே? போப்பின் வரலாறே இதற்கு விடை. அவர் மேலே ஏறத்தான் முயன்றார். காருக்கு எஞ்சின் வேண்டும், பெரும் மூலதனம் வேண்டும், ஆண்டுதோறும் மாதிரி மாற்ற வேண்டும். அவருடைய ஆலைகள் அறிந்த வேலைகள் அதில் ஒரு சிறு பங்குதான். நாடெங்கும் சிதறிய தொழிற்சாலைகளில் நான்கு வகைக் கார்களை ஒரே சமயத்தில் செய்யப் போன அந்தப் பாய்ச்சல் நிறுவனத்தை முறித்தது. புகழ்பெற்ற திருப்பம் அழித்ததும், பேசப்படாத திருப்பம் காத்ததும் ஒரே நிறுவனத்தின் வரலாற்றில் அடுத்தடுத்து நிகழ்ந்திருக்கின்றன. சைக்கிளோடு மட்டும் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதற்கும் சான்று உண்டு. 1973இல் அமெரிக்காவில் 1.5 கோடிக்கும் மேற்பட்ட சைக்கிள்கள் விற்றன. 1975இல் அது ஏறக்குறைய பாதியாக விழுந்தது. அடுத்து தைவானிலிருந்தும் சீனாவிலிருந்தும் வந்த வண்டிகளின் விலைக்கு யாராலும் ஈடுகொடுக்க முடியவில்லை. ஷ்வின் 1992இல் திவாலானது. ஹஃபி 1990களின் இறுதியில் அமெரிக்க உற்பத்தியை நிறுத்தியது. கொலம்பியாவும் 1980களின் பிற்பகுதியில் திவால் நடவடிக்கையைக் கடக்க வேண்டியிருந்தது. ஆனால் வெஸ்ட்ஃபீல்ட் ஆலை மூடாமல் இருந்ததற்கு வகுப்பறை நாற்காலியே காரணம்.

இழப்பே இல்லை என்று சொன்னால் அதுவும் பொய்யாகும். தளவாடத்துக்கு வந்தபோது பட்டறை அறிவு தடையின்றி மாறியது. வணிக அறிவு மாறவில்லை. சைக்கிளைச் சிறுவன் ஆசைப்படுவான், பெற்றோர் வாங்குவர், ஊர்க்கடைக்காரர் விற்பார். நாற்காலியை எந்த மாணவனும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. ஒப்பந்தப்புள்ளி கோரி, விலையை ஒப்பிட்டு, வாரியம் வாங்குகிறது. விளம்பரத்தில் முன்னோடியான போப் முப்பது ஆண்டுகளில் சேர்த்த பெயர்ப்புகழுக்கு அந்த அலுவலகத்தில் பெரிய மதிப்பில்லை. பேரிங், கியர், எடைக் குறைப்பு போன்ற நுண்ணிய அறிவுகள் நாற்காலிக்குப் பயன்படாமல் வாடின. இறுதியில் பெயரும் தொழிலும் பிரிந்தன: போப் தம் சைக்கிள்களுக்கு இட்ட கொலம்பியா என்ற முத்திரை வேறெங்கோ செய்த சைக்கிள்களில் ஒட்டப்பட்டது; சைக்கிள் செய்து பழகிய ஆலை நாற்காலி செய்தது. இவ்விரண்டில் 1878இன் வாரிசு எது என்று கேட்டால், சேகரிப்பாளர்கள் முத்திரையைக் காட்டுவார்கள். இந்தக் கட்டுரை தொகுத்த சான்றுகள் ஆலையைக் காட்டுகின்றன.

இதிலிருந்து ஒரு நடைமுறைப் பாடமும் பெறலாம். ஒரு தொழில் நலியும்போது அரசுகளும் வங்கிகளும் கேட்கும் முதல் கேள்வி, அந்தப் பொருளுக்கு இனித் தேவை இருக்கிறதா என்பது. இல்லையென்றால் எந்திரம் பழைய இரும்பு விலைக்குப் போகிறது, தொழிலாளர் ‘மறுபயிற்சி’க்கு அனுப்பப்படுகிறார்கள். துப்பாக்கிக் கட்டடத்திலிருந்து தையல் எந்திரம், அதிலிருந்து சைக்கிள், அதிலிருந்து நாற்காலி என்று நீண்ட இந்த நூற்றாண்டுத் தொடரில் பொருளுக்கான தேவை பலமுறை செத்தது. வேலைகளுக்கான தேவை ஒருமுறைகூடச் சாகவில்லை. எனவே கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு: இந்த ஆலை எந்தெந்த வேலைகளை நன்றாகச் செய்கிறது? அதே வேலைகளைக் கோரும் வேறு பொருளுக்கு அருகில் யார் விலை கொடுப்பார்? முதல் கேள்விக்குப் பட்டறையில் நிற்பவர்கள்தாம் விடை சொல்ல முடியும், கணக்கேடு சொல்லாது. வெஸ்ட்ஃபீல்டில் இரண்டு கேள்விகளும் சரியான நேரத்தில் சந்தித்தன. சந்திக்காத ஊர்களில் ஆலைகள் மூடப்பட்டதற்குப் பொருள் செத்ததையே காரணமாகக் காட்டுவது வழக்கம். அந்த இரண்டாவது கேள்வியை யாரும் கேட்கவில்லை என்பதும் அவற்றுள் பலவற்றுக்குக் காரணமாக இருக்கக்கூடும்.